மூன்றாவது கல்

அத்தியாயம் ஒன்பது

“அம்மா, நாம இதக் காப்பாத்தினோமா, இல்ல திருடிட்டு வந்துட்டோமா?”

ரொவீனா இப்படிக் கேட்டபோது அவளுக்கு ஆறு வயது. அவள் மடியிலிருந்த தொப்பிக்குள், பறக்கத் தெரியாத மேக்பைக் குஞ்சு ஒன்று வாயைப் பிளந்துகொண்டிருந்தது. பள்ளிக்கூட வேலியோரம் தரையில் நின்றதை லோர்னாதான் தூக்கி வந்தாள். வேலிமேல் கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு பெரிய பறவைகள் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தன.

“காப்பாத்தினோம்டா கண்ணு,” என்று சொல்லிவிட்டு லோர்னா வண்டியை எடுத்தாள்.

இருபத்து நான்கு வருடம் ஆகிவிட்டது. லோர்னாவின் கணவர் டெட் இறந்து ஒன்பது வருடம். ரொவீனாவுக்கு முப்பது வயது. பரூன் க்ரீக் வட்டாரத்தில் எந்தக் குஞ்சு எந்தக் கூட்டிலிருந்து விழுந்தாலும் முதல் போன் ரொவீனாவுக்குத்தான் வரும். குஞ்சு வந்து சேருவது அவள் அம்மாவிடம். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கேள்வி லோர்னாவுக்குள் ஓய்ந்தபாடில்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்பே வடக்கிலிருந்து சூடான காற்று கிளம்பிவிட்டது. தகரக் கூரை படபடத்தது. லோர்னாவால் படுத்திருக்க முடியவில்லை. செவ்வாய்க்கிழமை வனவிலங்குத் துறை அதிகாரி வரப்போகிறார் என்ற கடிதம் மேஜைமேல் ஜாடிக்கு அடியில் இருந்தது. அவர் கூண்டைப் பார்ப்பார், தீவனத்தைப் பார்ப்பார், ஒவ்வொரு பறவைக்கும் எழுதிவைத்த அட்டையைப் பார்ப்பார். திருப்தி என்றால் பறவைகளைப் பராமரிக்க லோர்னாவுக்குள்ள உரிமம் இன்னும் ஐந்து வருடம் ஓடும். இல்லை என்றால் கூண்டு காலி.

ஆனால் அது செவ்வாய்க்கிழமைக் கவலை. இன்று பதினேழு தன் வீட்டுக்குப் போகிற நாள்.

பதினேழு என்பது ஒரு மேக்பை. காலில் சிவப்பு வளையம். லோர்னாவின் கூண்டில் எதற்கும் பெயர் கிடையாது, எண்தான். பெயர் வைத்தால் கூப்பிடத் தோன்றும், கூப்பிட்டால் அது திரும்பிப் பார்க்கும். ஒற்றையாக, மனுஷக் குரல் கேட்டு வளர்ந்த மேக்பை தன்னை மனுஷப் பிறவி என்றே நினைத்துக்கொள்ளும். வெளியே விட்டால் தன் இனத்தோடு சேரத் தெரியாமல் செத்துப்போகும். அதனால் நான்கு குஞ்சுகளை ஒன்றாக வைத்துத்தான் வளர்த்தாள். தீவனம் வைக்கும்போது வாயைத் திறக்க மாட்டாள். கூண்டுக்குள் ஜெபம்கூட மனசுக்குள்தான்.

கொட்டகை வாசலில் செப்டம்பரில் கிளைவ் கொண்டுவந்து வைத்த உருளைக்கிழங்கு மூட்டை காலியாகிக் கிடந்தது. அதைத் தாண்டி உள்ளே போய், துண்டைப் போட்டுப் பதினேழைப் பிடித்தாள். உள்ளங்கைக்குள் அதன் நெஞ்சு ஓடிய ஓட்டம் அவள் நெஞ்சுக்கும் தொற்றிக்கொண்டது.

‘ஆண்டவரே, எடுத்த இடத்துலயே இதக் கொண்டுபோய் விட உதவி செய்யும்.’

அட்டையை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். கிளைவின் கோணல் கையெழுத்து. ‘தேவாலயத்துக்குப் பின்னால் உள்ள தைல மரம். காற்றில் கூடு விழுந்தது. செப்டம்பர் 26.’

கிளைவ் டெட்டின் தம்பி. ஊருக்கு மேற்கே உருளைக்கிழங்கு போடுகிறவன். வாய்க்குக் கொஞ்சம் நீளம் அதிகம். மற்றபடி பச்சை மண். அவன் எழுதிக் கொடுத்ததை லோர்னா அப்படியே கோப்பில் சேர்த்துவிட்டாள்.

*

எட்டு மணிக்கே அவள் தேவாலயத்துக்குப் பின்னால் இருந்தாள். ஆராதனை முடிந்ததும் கூண்டைத் திறப்பதாக ஏற்பாடு. ரொவீனா சபை அறிவிப்பிலேயே போட்டிருந்தாள். அதற்கு முன் இரண்டு மணி நேரம் பறவை மரத்தடியில் இருந்தால், அதன் தாய் தகப்பன் குரல் கேட்டு வரும். அதுவும் பதில் குரல் கொடுக்கும். அதுதான் வழக்கம்.

கூண்டைக் கீழே வைத்து, போர்வையை விலக்கிவிட்டுப் பத்தடி தள்ளி நின்றாள்.

முதலில் ஒன்று வந்தது. அது தரையில் இறங்கவில்லை. கிளையிலிருந்து நேராகக் கூண்டுமேல் பாய்ந்தது. கம்பியில் அலகு மோதிய சத்தம் சுத்தியல் அடித்ததுபோல் கேட்டது. அடுத்த நொடி இன்னொன்று. அதற்குப் பின்னால் மூன்றாவது. கம்பி வழியாக அலகை விட்டுக் குத்தின. பதினேழு மூலையில் ஒடுங்கி, கண்ணை மூடிக்கொண்டது.

“ஐயோ, போங்க! போங்க!” லோர்னா தொப்பியை வீசிக்கொண்டு ஓடி, போர்வையை இழுத்து மூடினாள். ஒரு மேக்பை அவள் காதோரம் உரசிக்கொண்டு போனது.

மூச்சு வாங்க நிமிர்ந்து பார்த்தாள். மரத்தின் உச்சிக் கவட்டையில், குச்சியும் கம்பியுமாக ஒரு பழைய கூடு அசையாமல் உட்கார்ந்திருந்தது. அதற்குக் கீழ்க் கிளையில் சாம்பல் நிறத்தில் இரண்டு இளங்குஞ்சுகள். வாயைத் திறந்து சாப்பாடு கேட்டுக்கொண்டிருந்தன.

இந்தக் கூடு விழவே இல்லை.

“அந்தக் கூடா?” ஸ்கோன் ரொட்டித் தட்டோடு வந்த ஈனிட் மேலே பார்த்துச் சொன்னாள். தேவாலயத்துத் தேநீர் மேஜை அவள் ராஜ்ஜியம். “எட்டு வருஷமா அங்கதான் இருக்கு. எந்தக் காத்துக்கு அது அசஞ்சிருக்கு? ஆகஸ்ட்ல என் புதுத் தொப்பிய ஓட்ட போட்டுச்சே, அதே போக்கிரிதான். ஆமா, உங்க கொழுந்தன் எங்க? பதினஞ்சு வருஷமா பாட்டுப் புத்தகம் குடுக்கற ஆளு, இன்னிக்கி ஆளையே காணோம். அவரு பாடலன்னா சபைக்கு நல்லதுதான், ஆனா புத்தகத்த யாராவது குடுக்கணுமில்ல?”

லோர்னா போர்வையின் ஓரத்தை இழுத்துச் செருகினாள்.

வேற்றுக் கூட்டுப் பறவையை மேக்பை தன் எல்லைக்குள் விடாது. பதினேழைத் திறந்துவிட்டிருந்தால் இந்நேரம் மரத்தடியில் இறகுதான் மிச்சம் இருந்திருக்கும்.

வாசலில் ரொவீனாவின் கார் வந்து நின்றது. ஞாயிற்றுக்கிழமைப் பாவாடையும் வேலைக்குப் போடும் பூட்ஸுமாக இறங்கி வந்தவள், அம்மாவின் முகத்தைப் பார்த்ததுமே நின்றுவிட்டாள்.

“என்னம்மா? காதுல ரத்தம்?”

“இது இந்த மரத்துக் குஞ்சு இல்ல ரொவீனா.”

“அட்டையில அப்படித்தான போட்டிருக்கு?”

“அட்ட தப்பு.”

ரொவீனா மேலே பார்த்தாள், கூட்டைப் பார்த்தாள், கூண்டுக் கம்பியில் ஒட்டியிருந்த சிறு இறகைப் பார்த்தாள். அவள் முகம் இறுகியது. “சித்தப்பா கொண்டுவந்ததுதான இது?”

“ஆமா.”

“அவரு எங்க?”

“வரல.”

“வரலையா! இந்த மனுஷன் காய்ச்சல்லயும் வந்து நம்மளத் தும்மியே கொல்லுவாரே.”

சண்டே ஸ்கூல் பிள்ளைகள் அதற்குள் கூண்டைச் சுற்றி வந்துவிட்டார்கள். எப்போது பறக்கும், எப்போது பறக்கும் என்று ஒரே நச்சரிப்பு. “இன்னிக்கி இங்க இல்லடா கண்ணுங்களா. நாங்க விலாசத்தத் தப்பா எழுதிட்டோம்,” என்றாள் லோர்னா. ‘நாங்க’ என்ற சொல் வாயில் தானாகத்தான் வந்தது. அது சரிதானா என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

*

ரொவீனாவின் கார் கிளைவின் பண்ணைக்குப் போய்க்கொண்டிருந்தது. பின் இருக்கையில் போர்வைக்கு அடியில் பதினேழு இங்கும் அங்கும் நடந்துகொண்டே இருந்தது. நகம் கம்பியில் கீறும் சத்தம். வெளியே புல்லெல்லாம் காய்ந்து காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்துகிடந்தது.

“அந்தப் பெட்டியில மரத்தூள் இருந்துச்சு,” என்றாள் லோர்னா திடீரென்று.

“எந்தப் பெட்டி?”

“கிளைவ் இதக் கொண்டுவந்த பெட்டி. அடியில மரத்தூள். மெத்து மெத்துன்னு இருக்கட்டும்னு போட்டிருக்கான், எவ்வளவு அக்கறன்னு நெனச்சேன். பச்ச மரத்து வாசன அடிச்சுச்சு. அப்பக்கூட எனக்குத் தோணல பாரு.”

ரொவீனா ஸ்டியரிங்கை ஒருமுறை கையால் அடித்தாள். “நீ வருஷா வருஷம் அவர்கிட்டச் சொல்லுவியேம்மா! ஆகஸ்டுக்கு முன்னாடி வெட்டு, விட்டுட்டன்னா கூடு கட்டற காலம் முடியற பிப்ரவரி வரைக்கும் மரத்துல கை வைக்காதன்னு. அவருகூட உன்ன மாதிரியே பேசிக் காட்டி எல்லாரையும் சிரிக்க வெப்பாரு.”

“ம்.”

“பெவ் சித்தி கண் ஆபரேஷனுக்கு மெல்போர்ன் போயிருக்காங்க. அதான் இவரு தைரியமா வீட்டுல ஒளிஞ்சுட்டு இருக்காரு.”

செப்டம்பரிலிருந்து லோர்னா கிளைவின் பண்ணைப் பக்கம் போகவில்லை. காலையிலிருந்து பொழுது சாயும்வரை அரை மணிக்கு ஒருமுறை ஊட்டுகிறவளால் எங்கே போக முடியும்? வளைவு திரும்பியதும், வீட்டுக்குப் பக்கத்தில் எப்போதும் தெரியும் பெரிய தைல மரத்தைக் கண்கள் தேடின. அங்கே வெறும் வானம்தான் இருந்தது.

*

கிளைவ் வாசலில்தான் உட்கார்ந்திருந்தான். தேவாலயத்துக்குப் போடும் வெள்ளைச் சட்டை, கழுத்துப் பட்டன்வரை போட்டபடி. கிளம்பியிருக்கிறான், போகத்தான் முடியவில்லை.

“அண்ணி, வாங்க. ஆராதன சீக்கிரமே முடிஞ்சிருச்சா? போதகர் கதை சொல்ல மறந்துட்டாரா?” சிரிக்கப் பார்த்தான். ரொவீனாவின் கையிலிருந்த கூண்டைப் பார்த்ததும் சிரிப்பு பாதியில் நின்றது. “விட்டுட்டீங்களா? ஒண்ணும் ஆகலையே அதுக்கு?”

“உசிரோட இருக்கு,” என்றாள் லோர்னா. “கம்பி இருந்ததால இருக்கு.”

கிளைவ் தலையைக் குனிந்துகொண்டான். அறுபது வயது ஆள், கை இரண்டையும் முழங்காலுக்கு நடுவே செருகிக்கொண்டு பேசினான்.

“அன்னிக்கி ராத்திரி அடிச்ச காத்துல பெரிய கிளை ஒண்ணு முறிஞ்சு விழுந்துச்சு அண்ணி. காலையில பெவ் துணி காயப்போட்டுட்டு உள்ள வந்து ரெண்டு நிமிஷம் இருக்கும், அடுத்த கிளை. கொடிக்கம்பிய அப்படியே நசுக்கிருச்சு. அவளுக்கு ஒரு கண்ணுதான் தெரியுது. எனக்குப் புத்தியே வேல செய்யல. நேரா போய் மரம் அறுக்கற மிஷின எடுத்துட்டு வந்துட்டேன். மேல ஒருதரம் பாத்திருக்கலாம். பாக்கல.”

“எத்தன குஞ்சு?” ரொவீனா கேட்டாள்.

“மூணு. ரெண்டு விழுந்த உடனே போயிருச்சு. இது ஒண்ணுதான்.”

“தாயும் தகப்பனும்?”

“சைப்ரஸ் மர வரிசையில இருக்குங்க. தெனமும் காலையில வெட்டின அடிமரத்துமேல வந்து நிக்கும். என்னால அந்தப் பக்கத்து ஜன்னலத் திறக்கவே முடியல.”

ரொவீனா கூண்டைத் தரையில் வைத்தாள்.

“சித்தப்பா, உங்களுக்குப் புரியுதா? அன்னிக்கே ஒரு வார்த்த சொல்லியிருந்தா ஒரு வாளிய எடுத்து, அடியில ஓட்ட போட்டு, புல்லப் பரப்பி, பக்கத்து மரத்துல கட்டி இத உள்ள வெச்சிருப்போம். அம்மாக்காரி சாயங்காலமே வந்து ஊட்டியிருப்பா. நாலு நாள், அஞ்சு நாள் கழிச்சுச் சொல்லியிருந்தாக்கூட முடிஞ்சிருக்கும்! பத்து வாரம் கூண்டுல கெடந்துச்சு. இன்னிக்கி அந்த மரத்தடியில திறந்துவிட்டிருந்தா பிள்ளைங்க கண்ணு முன்னாடி கிழிச்சுப் போட்டிருக்கும். ஒரு வார்த்த! ஒரே ஒரு தடவ வந்து சொல்லணும்னு உங்களுக்குத் தோணலையா?”

கிளைவ் வாயைத் திறந்தான். மூடிக்கொண்டான்.

லோர்னாவுக்கு அப்போதுதான் அது நினைவுக்கு வந்தது.

செப்டம்பர் முப்பது. அவன் வந்தான். தோளில் உருளைக்கிழங்கு மூட்டை. கொட்டகை வாசலில் நின்று தொப்பியைக் கையில் திருகிக்கொண்டே, “அண்ணி, அந்தக் குஞ்சு விஷயமா உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்,” என்றான். அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “கிளைவ், பதினோரு வாய் திறந்து கெடக்கு. எதுவா இருந்தாலும் அப்பறம் சொல்லு, போ.” அவன் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனான். ஒருமுறை வாசலிலிருந்து திருப்பி அனுப்பப்பட்டவனுக்கு மறுபடி வர எவ்வளவு பலம் வேண்டும்!

இன்னொன்றும் உண்டு. குஞ்சு வந்து இரண்டு நாளைக்குள் அது கிடந்த இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்பது விதி. பறவை மீட்பில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு லோர்னாதான் அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுப்பாள். அந்த வாரம் அவள் போகவில்லை.

கிளைவ் இப்போது அதைச் சொல்லலாம். ‘வந்தேன்டி பொண்ணே, உங்கம்மாதான் கேக்கல’ என்று ஒரே வரி. அவன் சொல்லவில்லை. லோர்னாவின் பக்கம் பார்வையைக்கூடத் திருப்பவில்லை.

“தோணியிருக்கணும்,” என்று மட்டும் சொன்னான். “தப்புதான்.”

‘நான் சொல்லணும். இப்பவே சொல்லணும்’ என்று லோர்னாவின் மனது அடித்துக்கொண்டது. உதடு பிரிவதற்குள் ரொவீனா கூண்டைத் தூக்கிக்கொண்டு நடந்துவிட்டாள்.

*

அடிமரம் ஒரு சாப்பாட்டு மேஜை அளவுக்கு அகலமாக இருந்தது. வெட்டிய இடம் இன்னும் சிவந்து தெரிந்தது. அதன் நிழலோரம், வேலியை ஒட்டி, சிறு கற்கள் நட்டிருந்தன.

ரொவீனா நின்று பார்த்தாள். “இங்கதான் பொதச்சீங்களா, அந்த ரெண்டையும்?”

“ம்.”

“அப்ப மூணாவது கல்லு?”

முதல் இரண்டு கல்லும் புதிதாக, மண் ஒட்டியபடி இருந்தன. மூன்றாவது பாசி பிடித்துப் பாதி மண்ணுக்குள் இறங்கியிருந்தது.

காற்று அடித்துக்கொண்டே இருந்தது.

தொப்பிக்குள் வந்த அந்த முதல் குஞ்சை லோர்னா மூன்று வாரம் வளர்த்தாள். கசாப்புக் கடைக் கொத்துக்கறியை உருட்டி உருட்டி ஊட்டினாள். ஊரில் எல்லாரும் அப்படித்தான் செய்தார்கள். வெறும் கறியில் எலும்புக்கு ஒன்றும் இல்லை என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. அவளும் யாரையும் கேட்கவில்லை. மூன்றாவது வாரம் குஞ்சின் கால்கள் ஈரக் களிமண்போல் வளைந்துவிட்டன; இனி அது பிழைக்காது. ஒரு காலையில், ரொவீனா எழுந்திருக்கும் முன், கிளைவ் வந்தான். குஞ்சைத் தன் தொப்பியில் வைத்து எடுத்துக்கொண்டு போனான். பிள்ளையிடம், “என் பண்ணையில அதுக்கு நெறைய ஃப்ரெண்ட்ஸ் இருக்காங்கம்மா, அங்க விட்டுட்டேன்,” என்றான். அதன் பிறகு ரொவீனா பண்ணைக்கு வரும்போதெல்லாம், “எது சித்தப்பா என்னோடது?” என்பாள். அவனும் சளைக்காமல் ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒன்றைக் கை காட்டுவான். ஊரில் எல்லாரையும் சீண்டுகிறவன், அந்த விஷயத்தை வைத்து லோர்னாவை ஒருநாளும் சீண்டியதில்லை. புதைத்து, கல் நட்டிருந்தது அவளுக்கே இன்றுதான் தெரியும்.

“அது பழசும்மா,” என்றான் கிளைவ்.

“பழசுன்னா?”

“பழசுன்னா பழசு. உன் சித்தப்பன விடவா பழசு? வந்த வேலையப் பாரு, அந்தா பார், வந்தாச்சு.”

சைப்ரஸ் மரங்களிலிருந்து மூன்று மேக்பைகள் இறங்கி, வேலிக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்தன. மூவரும் பின்வாங்கினார்கள். ரொவீனா கூண்டை அடிமரத்தின்மேல் வைத்துவிட்டு வந்திருந்தாள்.

எதுவும் பாயவில்லை. பெரிய ஆண் பறவை தரையில் இறங்கி, கூண்டைச் சுற்றி ஒரு வட்டம் நடந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு அலகை வானத்துக்குத் தூக்கி, தண்ணீர் புரளுவதுபோன்ற அந்தக் குரலை எடுத்தது. உள்ளேயிருந்து பதினேழு பதில் கொடுத்தது. கரகரத்த, பிசிறடித்த குரல். பத்து வாரத்தில் லோர்னா அதைக் கேட்டதே இல்லை.

ரொவீனா கூண்டுக் கதவில் கட்டியிருந்த நீளக் கயிற்றை இழுத்தாள். கதவு திறந்தது.

கால் மணி நேரம் பதினேழு வெளியே வரவில்லை. கிளைவ் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றான். “வா, தங்கம்,” என்று அவன் முணுமுணுத்தபோது, “பேசாதீங்க!” என்று ரொவீனா சீறினாள்.

வந்தது. அடிமரத்தில் நான்கு அடி நடந்தது. ஆண் பறவை சட்டென்று துரத்தியது. பதினேழு தாறுமாறாகச் சிறகடித்து, சைப்ரஸின் கீழ்க்கிளையில் போய் விழுந்ததுபோல் உட்கார்ந்தது. இன்னொரு முறை துரத்தல். பிறகு நின்றுவிட்டது. மற்ற மூன்றும் மேல்கிளையில், அது கீழ்க்கிளையில். விரட்டவும் இல்லை, கிட்டே கூப்பிடவும் இல்லை.

“இது நல்லதா, கெட்டதா?” என்றான் கிளைவ் மெதுவாக.

“தெரியாது,” என்றாள் ரொவீனா. “நாளைக்கிக் காலையில அது அங்க இருந்தா நல்லது.”

“நான் விடியக்காலமே பாக்குறேன். பாத்துட்டு போன் பண்றேன்.”

“உண்மையச் சொல்லுவீங்களா?”

கிளைவ் வெள்ளைச் சட்டையின் கழுத்துப் பட்டனை அவிழ்த்துக்கொண்டு, அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறக்க உள்ளே போனான்.

*

வீட்டு வாசலில் அம்மாவை இறக்கிவிட்டு ரொவீனா அட்டையை நீட்டினாள்.

“இடத்த மாத்திட்டேன். காரணம்னு ஒரு கட்டம் இருக்குல்ல, அத நீ எழுதும்மா. நான் எழுதினா, ஆளு பொய் சொன்னாருன்னு எழுதிருவேன். அப்பறம் நம்ம மீட்புக் குழு அவர எதுக்கும் சேர்க்காது. ஆனா அதுதான உண்ம?”

“நான் எழுதறேன்.”

“செவ்வாக்கெழம அதிகாரி மொதல்ல இதத்தான் எடுப்பாரு, பாத்துக்கோ.” கியரைப் போட்டவள், மறுபடி ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினாள். “அம்மா, அந்த மூணாவது கல்லு யாருதுன்னு உனக்குத் தெரியுமா?”

லோர்னா மகளின் முகத்தைப் பார்த்தாள். அதில் ஆறு வயது அப்படியே இருந்தது.

“நாளைக்கி சாயங்காலம் வா. உக்காந்து பேசலாம்.”

ரொவீனா வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனாள்.

காற்று இன்னும் அடங்கவில்லை. சமையலறை முழுக்கச் சாயங்கால வெயில். லோர்னா கையைக் கழுவினாள், காதில் மருந்து போட்டாள், கெட்டிலை வைத்தாள், அணைத்தாள். உட்கார்ந்தாள், எழுந்தாள். பின் அட்டையை எதிரே வைத்துக்கொண்டு, கண்ணை மூடி ஒரு நிமிடம் இருந்தாள். பேனாவை எடுத்தாள்.

நேரில் சொல்ல வேண்டியது ஒன்று நாளைக்கு இருக்கிறது. எழுத வேண்டியது இது.

‘மரம் வெட்டியபோது கூட்டைக் கவனிக்கவில்லை. குஞ்சைக் கொண்டுவந்தவர் முதலில் இடத்தை மாற்றிச் சொன்னார். நான்காம் நாளே உண்மையைச் சொல்ல என் வாசலுக்கு வந்தார். நான் கேட்காமல் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாளைக்குள் இடத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்ற விதியையும் நான் மீறினேன். போயிருந்தால் குஞ்சு அந்த வாரமே தாயிடம் சேர்ந்திருக்கும். இந்தத் தவறு என்னுடையது. லோர்னா பாஸ்கோ.’

கட்டம் போதவில்லை. கடைசி இரண்டு வரி ஓரத்தில் சுற்றிக்கொண்டு போயிற்று. மை காயும்வரை விரலை வைக்காமல் காத்திருந்தாள்.

செவ்வாய்க்கிழமைக்காக அடுக்கி வைத்திருந்த அட்டைகளை இழுத்தாள். இதை நடுவில் செருகிவிட்டால் அதிகாரியின் கண்ணில் படாமலே போகலாம். அவள் அதை எல்லாவற்றுக்கும் மேலே வைத்தாள். காற்றில் பறக்காமல் இருக்க, ஜாடியை எடுத்து அதன்மேல் வைத்தாள்.

கிளைவுக்குப் போன் செய்து சொல்லவில்லை. சொல்ல வேண்டியதாக அதில் எதுவும் இல்லை.

கூண்டில் மிச்சமிருந்த மூன்றும் கத்த ஆரம்பித்திருந்தன. லோர்னா தீவனக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு, எலும்புக்கான பொடியை இரண்டு முறை அளந்து பார்த்துக் கலந்தாள். கதவைத் திறந்து, ஒரு வார்த்தையும் பேசாமல் உள்ளே போனாள்.